ஆயர் வீட்டு வரவு செலவு

விக்டர் யூகோவின் பெருங்கதையை 'ஏழை படும் பாடு' என்னும் பெயரால் அறியாத தமிழ் வாசகர் சிலரே. கவியோகி சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கத்தைப் படித்து அறிந்தவர்கள் உண்டு. 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்து வந்த படத்தின் வாயிலாக அறிந்தவர்கள் அவர்களினும் மிகுதி. அப்படத்தில் காவல் அதிகாரியாகத் தோன்றிய சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமனாகவே அறியப்பட்டார் என்றால், கதை தமிழ் மக்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை உணரலாம்.

இவர்களுள் எவரைக் கேட்டாலும், கதையில் முதலில் நினைவுக்கு வருவது அந்த வெள்ளி விளக்குத் தண்டுகளே என்பர். உண்ண உணவும் உறங்க இடமும் கொடுத்தவர் வீட்டிலேயே திருடிய ழான் வல்ழானைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆயரோ, தாம் கொடுத்த பொருள்தான் அது என்று கூறி, மேலும் இரு வெள்ளித் தண்டுகளையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறார். திருடன் மனம் மாறுகிறான். கிறிஸ்தவ அறம் வாழ்க்கையில் கைகூடியதற்கு இதனினும் சிறந்த காட்சி உலக இலக்கியத்தில் இல்லை என்று மேடைகளில் பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம்.

காட்சி சிறந்ததுதான். ஆயினும் அதனை மட்டும் தனியே கத்தரித்து எடுத்துப் போற்றுவதில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் கருத்து. 1862-இல் நூல் வெளிவந்தது முதல் இன்றுவரை, சுருக்குவோரின் கத்தரிக்கோல் முதலில் பாயும் இடம் நூலின் முதற் பகுதியே. கதைத் தலைவன் வருமுன் ஆயர் மிரியலின் அன்றாட வாழ்வை யூகோ பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறார். கதை எங்கே, கதை எங்கே என்று வாசகன் தவிக்கிறான். அப்பக்கங்களை நீக்கிவிட்டால் கதை விறுவிறுப்படையும் என்பது உண்மை. ஆனால், நீக்கியபின் எஞ்சி நிற்கும் ஆயர், ஒரு நாள் காலையில் திடீரென்று பெருந்தன்மை காட்டிய ஒரு கிழவர், அவ்வளவே. அவர் செயல் செப்பிடு வித்தைபோல் ஆகிவிடுகிறது. யூகோ காட்ட விரும்பியது வேறு. அந்தக் காலைப்பொழுதில் ஆயர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் செய்துவந்ததையே அன்றும் செய்தார்.

நூலுக்குள் புகுமுன் ஒரு செய்தி. யூகோ கோயிலுக்குச் செல்லும் வழக்கமுடைய கிறிஸ்தவர் அல்லர். மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து நாடு கடந்து கெர்ன்சித் தீவில் வாழ்ந்தபோது இந்நூலை எழுதி முடித்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1864-இல் இதனை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கத்தோலிக்க ஆயரை இத்துணை உயர்வாகப் போற்றும் நூலுக்கு இந்தக் கதியா என்று வியக்கத் தோன்றும். போற்றிய முறையே காரணமாய் இருக்கலாம். இந்த ஆயர் அப்படியானால் மற்ற ஆயர்கள் எப்படி என்னும் வினா ஒவ்வொரு பக்கத்திலும் எழுகிறதே! மிரியலுக்கு முன்மாதிரியாக டீஞ் நகரத்தில் மியோலி என்னும் ஆயர் உண்மையாகவே வாழ்ந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி அந்தப் 'பயனற்ற' பக்கங்களைப் பார்ப்போம். ஆயர் பதவியேற்று மூன்றாம் நாள், தம் அரண்மனைக்கு அடுத்துள்ள மருத்துவமனையைக் காணச் செல்கிறார். தாழ்ந்த, குறுகிய கட்டடம். ஐந்தாறு சிறு அறைகளில் 26 நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். அரண்மனையிலோ குடியிருப்பவர் மூவர்: ஆயர், அவர் தங்கை பப்திஸ்தீன் அம்மையார், பணிப்பெண் மக்லுவார். ஆயர் தமது உணவுக்கூடத்தைக் கண்ணால் அளந்து பார்த்து, இங்கே எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்குப் போடுகிறார். ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது, உங்கள் வீட்டில் நான் இருக்கிறேன், என் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்னும் பொருள்பட மருத்துவமனைத் தலைவரிடம் கூறுகிறார். மறுநாள் நோயாளிகள் அரண்மனையில், ஆயர் மருத்துவமனையில்.

இங்கே உபதேசம் இல்லை, கணக்கு இருக்கிறது. இருபத்தாறு பெரிதா, மூன்று பெரிதா? இந்தக் கணக்குப் போடும் பழக்கம் மிரியலிடம் இறுதிவரை மாறுவதில்லை. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த ஊதியம் ஆண்டுக்கு 15,000 பிராங்கு. அதற்கு அவர் ஒரே ஒரு முறை செலவுத் திட்டம் எழுதினார். பதவியில் இருந்தவரை அதனை மாற்றவில்லை. யூகோ அத்திட்டத்தை அப்படியே, வரி வரியாக, நாவலின் நடுவே அச்சிட்டு வைத்திருக்கிறார். கடனுக்காகச் சிறைப்பட்ட குடும்பத் தலைவர்களை மீட்க 1,000, ஏழைப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க 2,000, ஏழைகளுக்கு 6,000, இப்படிப் போய்க்கொண்டே இருந்து கடைசி வரியில் ஆயரின் சொந்தச் செலவு 1,000 என்று முடிகிறது. தங்கையின் சொந்த வருமானம் 500. ஆக 1,500 பிராங்கில் மூவர் காலந்தள்ளுகிறார்கள்.

பிறகு வண்டிப்படி. ஆயர்கள் ஊர்ப்பயணம் செய்ய அரசு 3,000 பிராங்கு கொடுப்பது வழக்கம். மிரியல் அதனைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். ஊரில் பெரிய மனிதர்கள் முணுமுணுக்கிறார்கள்: இவரும் மற்றவரைப் போலத்தானா? மக்லுவாருக்கோ மகிழ்ச்சி, இனியாவது வீட்டுக்கு நாலு காசு வரும். அன்று மாலையே ஆயர் இன்னொரு சீட்டு எழுதித் தங்கையிடம் தருகிறார். மருத்துவமனை நோயாளிகளுக்கு இறைச்சிச் சாறு கொடுக்க 1,500. மீதிப் பாதி தாய்மார் உதவிக்கும், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும், அநாதைகளுக்கும். கூட்டிப் பார்த்தால் சரியாக 3,000. ஆயர் கழுதைமேல் ஏறி ஊர்ப்பயணம் போகிறார்.

நகைச்சுவையோடு எழுதப்பட்ட பகுதி இது. ஆனால், மலைப்பொழிவின் கருத்துகளை ஒரு மனிதன் வாழ்ந்து காட்டுவது என்றால் எங்கே தொடங்குவது என்னும் வினாவுக்கு யூகோ தரும் விடை இங்கேதான் இருக்கிறது. மாதச் சம்பளம் வந்தவுடன் எழுதும் துண்டுச் சீட்டில் தொடங்குகிறது. கடைசி வரியில் வைக்க வேண்டிய தன்னைக் கடைசி வரியில் வைப்பது. கேட்பதற்கு எளிது, நம்மில் எத்தனை பேருடைய சீட்டு அப்படி இருக்கிறது என்பதை அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

யூகோவைக் குறை கூற வேண்டிய இடமும் இதுவே. ஆயர் தம் செல்வத்தைத் துறந்தார், சரி. ஆனால், அரிசி பருப்பு வாங்கி அடுப்பெரிக்க வேண்டியவள் மக்லுவார் அல்லவா? அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டில்லை, தாழில்லை. வழிப்போக்கன் தள்ளினால் திறக்கும். அஞ்சி அஞ்சி இரவைக் கழித்தவர்கள் இரண்டு முதிய பெண்கள். ஆயரின் துறவுக்கு விலை கொடுத்தவர்களுள் அவர்களும் சேர்வார்கள். பப்திஸ்தீன் அம்மையார் தோழி ஒருத்திக்கு எழுதும் கடிதம் ஒன்றை யூகோ நூலில் வைத்திருக்கிறார். அண்ணன் போக்கில் தாங்கள் குறுக்கிடுவதில்லை என்று அதில் அந்த அம்மையார் அமைதியாக எழுதுகிறார். யூகோ அதனை அழகிய கீழ்ப்படிதலாகக் காண்கிறார். இன்று படிக்கும் நமக்கு அந்த அமைதி அவ்வளவு எளிதாகச் செரிப்பதில்லை. வீட்டுத் தலைவன் தருமவானாக இருந்தால், அவன் தருமத்தின் சுமையில் பாதியைப் பெண்கள் சுமப்பது நம் வீடுகளிலும் கண்ட காட்சிதான். அவர்களை ஒரு வார்த்தை கேட்டாரா என்று எழுதியிருந்தால் ஆயரின் பெருமை குன்றியிருக்காது.

எனினும் ஆயரைப் பழுதற்றவராக யூகோ படைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்த அவரால் விட முடியாத பொருள் ஒன்று இருந்தது. பழைய வாழ்வின் மிச்சமாக ஆறு பேருக்குரிய வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும், ஒரு பெரிய அகப்பையும், பாட்டி முறை உறவினர் வழியில் வந்த இரண்டு விளக்குத் தண்டுகளும் வீட்டில் இருந்தன. வெள்ளிக் கரண்டியில் உண்ணும் பழக்கத்தை விடுவது தமக்குக் கடினமாய் இருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இந்தச் சிறு பலவீனத்தை யூகோ முன்கூட்டியே சொல்லி வைப்பதில்தான் அவருடைய கலைத்திறன் விளங்குகிறது. திருடன் கொண்டுபோகப் போவது ஆயரின் மிகுதிப் பொருளை அன்று. அவர் மனம் ஒட்டியிருந்த ஒரே பொருளை.

1815 அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை. 19 ஆண்டு கப்பல் தண்டனை முடிந்து, கையில் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டோடு ழான் வல்ழான் ஊருக்குள் வருகிறான். ஒரு ரொட்டிக்கு ஐந்தாண்டு. தப்பியோட முயன்றதற்குப் பதினான்கு ஆண்டு. சத்திரங்களில் இடமில்லை; சிறைச்சாலைக் கதவும் திறக்கவில்லை; நாய்க்கூண்டில் புகுந்தால் நாய் துரத்துகிறது. ஆயர் வீட்டில் அவனை 'ஐயா' என்று அழைத்து மேசையில் வெள்ளி வைத்து உணவு படைக்கிறார்கள். நள்ளிரவு கழிந்து அவன் வெள்ளியோடு ஓடுகிறான்.

காலையில் நிகழ்வனவற்றின் வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. காவலர்கள் வருவதற்கு முன்பே, வெள்ளி களவு போயிற்று என்று மக்லுவார் பதறியோடி வந்தபோதே, ஆயர் சொல்லிவிடுகிறார்: அந்த வெள்ளி ஏழைகளுடையது, அதை நான்தான் இவ்வளவு நாள் தவறாக வைத்திருந்தேன், வந்தவன் ஏழைதானே? பிறகு எந்தக் கரண்டியில் உண்பது என்று அவள் கேட்க, மரக்கரண்டி இருக்கிறதே என்கிறார். இதற்குப் பின்னர்தான் காவலர் மூவர் ழான் வல்ழானைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். அப்போது ஆயர் அவனைப் பார்த்து, விளக்குத் தண்டுகளையும் உனக்குக் கொடுத்தேனே, ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்கிறார்.

ஆயர் பொய் சொன்னார், நன்மைக்காகச் சொன்னார், பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறார் என்று இதற்கு அமைதி கூறுவோர் உண்டு. வரிசையை அறிந்தால் அந்த அமைதி அவ்வளவாகத் தேவைப்படாது. கரண்டிகளைப் பொறுத்தவரை, காவலர் வருமுன்பே ஆயர் அவற்றை மனத்தால் கொடுத்துவிட்டார். தண்டுகளைப் பொறுத்தவரை, சொல்லும்போதே கொடுக்கிறார். சட்டையை எடுத்துக்கொள்ள வழக்காடுபவனுக்கு மேலாடையையும் விட்டுக் கொடுக்கும்படி மலைப்பொழிவில் இயேசு பெருமான் சொன்ன போதனை ஒன்று உண்டு. கேட்போர் பலரும் இது நடக்கிற காரியமா என்று புன்முறுவல் செய்யும் போதனை அது. கரண்டிகள் சட்டை, தண்டுகள் மேலாடை. வேத வாக்கியத்தை எங்கும் மேற்கோள் காட்டாமலே யூகோ அதனை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால், அடுத்து ஆயர் மெல்லிய குரலில் சொல்வதற்கு அத்தகைய அமைதி இல்லை. நேர்மையான மனிதனாக மாற இந்தப் பணத்தைப் பயன்படுத்துவதாக எனக்கு வாக்களித்திருக்கிறாய், அதை மறவாதே என்கிறார். ழான் வல்ழான் அப்படி ஒரு வாக்கும் கொடுத்ததில்லை! இஃது என்னை நெடுநாள் உறுத்திய இடம். தீமை செய்தவர்க்கு நன்மை செய்துவிட்டு, அவர் தீமையையும் நம் நன்மையையும் சேர்த்தே மறந்துவிடச் சொன்னவர் வள்ளுவர். இவரோ மறக்கவில்லை, நன்மையைச் செய்து அதற்கு ஒரு கடன்சீட்டும் எழுதிக்கொள்கிறார். இரண்டில் எது உயர்ந்தது? விடுவது உயர்ந்தது என்றே முதலில் தோன்றும். ஆனால், பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவரும் எதையும் எதிர்பார்க்காத ஒரு மனிதனிடம், நீ நல்லவனாவாய் என்று ஒருவர் எதிர்பார்ப்பதே ஒரு கொடைதான் என்று யூகோ கருதியிருக்க வேண்டும். அந்தக் கடன் அவனைக் கடைசிவரை விடவில்லை என்பதே கதை.

கடன் உடனே அடைபட்டுவிடவும் இல்லை. ஊரைவிட்டு வெளியேறிய அன்றே, சின்ன ழெர்வே என்னும் ஏழைச் சிறுவன் தவறவிட்ட 40 சூ நாணயத்தின்மேல் ழான் வல்ழான் காலை வைத்து எடுக்காமல் நிற்கிறான். பையன் அழுது கெஞ்சி ஓடிய பின்புதான் அவனுக்குத் தன்னுணர்வு வருகிறது. படத்தில் பார்க்கும்போது மனமாற்றம் விரைந்து நிகழ்ந்துவிடுகிறது. நூலில் வெள்ளியைக் கொடையாகப் பெற்ற கை அன்றைக்கே மீண்டும் திருடுகிறது. இதனை எழுதத் துணிந்ததற்காகவே யூகோவைப் பாராட்ட வேண்டும்.

இனி நூலின் நெஞ்சம் என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். பெயரை மாற்றிக்கொண்டு மதலேன் என்னும் தொழிலதிபராகி விடுகிறான் ழான் வல்ழான். கருமணி செய்யும் தொழிலில் ஒரு சிறு மாற்றத்தைப் புகுத்தி ஊரையே வளப்படுத்துகிறார். (இனி 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.) 1820-இல் நகரத் தலைவராகிறார். தமக்கென்று வங்கியில் ஆறு இலட்சத்து முப்பதாயிரம் பிராங்கு சேருமுன் ஊருக்கும் ஏழைகளுக்கும் பத்து இலட்சத்துக்கும் மேல் செலவழித்தவர். மருத்துவமனையில் கட்டில்கள், பள்ளிக்கூடங்கள், ஆசிரியர்களுக்குத் தம் பையிலிருந்து கூடுதல் சம்பளம். ஆயரின் சீட்டே இங்கு வேறு கையெழுத்தில் தொடர்கிறது.

அப்படிப்பட்டவரின் தொழிற்சாலையில்தான் பந்தீன் என்னும் பெண் அழிந்தாள். ஆடவரும் மகளிரும் தனித்தனிக் கூடங்களில் வேலை செய்ய வேண்டும், பெண்கள் ஒழுக்கத்தில் குறைவற்றவர்களாய் இருக்க வேண்டும் என்பது மதலேனின் வளையாத விதி. நல்ல எண்ணத்தோடு ஏற்பட்ட விதி. பெண்கள் கூடத்துக்குள் அவர் பெரும்பாலும் நுழைவதே இல்லை. பாதிரியார் பரிந்துரைத்த ஓர் அம்மாளை மேற்பார்வைக்கு வைத்துவிட்டார். நேர்மையானவள், தருமமும் செய்வாள், பிறர் நிலையை உணர்ந்து மன்னிக்கும் குணம் மட்டும் அவளுக்கு அவ்வளவாக இல்லை. பந்தீனுக்கு மணமாகாமலே ஒரு குழந்தை உண்டு என்பதை, பக்தி மிகுந்த ஒரு கிழவி 35 பிராங்கு வழிச்செலவு செய்து வேற்றூர் சென்று விசாரித்து அறிந்து வருகிறாள். மேற்பார்வைக்காரி பந்தீன் கையில் 50 பிராங்கைக் கொடுத்து, நகரத் தலைவர் பெயரால் வேலையிலிருந்து நீக்குகிறாள். அந்த 50 பிராங்கும் மதலேன் தருமத்துக்கென்று அவளிடம் ஒப்படைத்த பணத்திலிருந்து எடுத்ததே! பந்தீன் சட்டை தைத்து நாளுக்கு 12 சூ சம்பாதிக்கிறாள். பிறகு அதுவும் 9 சூவாகிறது. கூந்தலை விற்கிறாள், முன்பற்களை விற்கிறாள், கடைசியில் தன்னையே விற்கிறாள். மதலேனுக்கு ஒன்றும் தெரியாது.

தோட்டப்புற வாழ்வைக் கண்டோ பெரியவர் சொல்லக் கேட்டோ அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. துரை நல்லவராக இருந்த தோட்டங்களும் உண்டு. ஆனால், காலைப் பெரட்டில் நிற்கும் கூலிப் பெண்ணுக்குத் துரையின் நற்குணம் கங்காணியின் வாய்வழியாகத்தானே வந்து சேர வேண்டியிருந்தது?

ஆயர் மிரியலுக்கும் மதலேனுக்கும் உள்ள வேறுபாட்டை யூகோ எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால், நூலின் அமைப்பே அதைச் சொல்கிறது. ஆயர் மருத்துவமனைக்குத் தாமே நடந்து போய்க் கட்டில்களை எண்ணினார். மரண தண்டனை பெற்றவனோடு கொலைமேடைவரை தாமே ஏறினார். ஊரே வெறுத்து ஒதுக்கிய பழைய புரட்சிக்காரக் கிழவர் ஒருவர் சாகக் கிடந்தபோது, வெறுப்போடுதான் என்றாலும், தாமே தேடிச் சென்றார். அவரை ஆசீர்வதிக்கப் போனவர் இறுதியில் மண்டியிட்டு அவரிடமே ஆசி கேட்டார். மதலேன் கொடுத்த பணம் ஆயர் கொடுத்ததினும் பன்மடங்கு. ஆனால், அவர் அறத்தை விதியாக்கி, விதியை ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, தாம் தம் அறையில் இருந்தார். ஆயரிடம் கற்ற பாடத்தில் பாதி அவருக்கு மறந்துபோயிற்று. சட்டமே கடவுள் என்றிருக்கும் ஜாவேர் பந்தீனுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கும்போதுதான் மதலேன் அவளை நேரில் காண்கிறார். அவள் அவர் முகத்தில் உமிழ்கிறாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை விடுவிக்கிறார். உமிழ்ந்தது நியாயம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது போலவே அக்காட்சி எழுதப்பட்டிருக்கிறது.

ஷான்மத்தியே என்னும் அப்பாவிக் கிழவன் தம் பெயரால் தண்டனை பெறப்போவதை அறிந்து, மதலேன் அராஸ் நீதிமன்றத்துக்கு ஓடிப்போய்த் தம்மைக் காட்டிக்கொடுக்கும் பகுதி புகழ் பெற்றது. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். பெரிய நெருக்கடியில் ஒரு மனிதன் நேர்மையைத் தேர்ந்தெடுப்பது, ஊரெல்லாம் பார்க்க நிகழ்வது. பந்தீன் வேலையிழந்த அந்தச் சாதாரண நாளில் எவரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; ஒரு சீட்டு எழுதப்பட்டது, அவ்வளவே. முன்னதில் மதலேன் வென்றார். பின்னதில் தோற்றார் என்பதை அவரே அறியாமல் தோற்றார்.

பொய்யே சொல்லியறியாத சிம்ப்ளிஸ் என்னும் கன்னிகை, ழான் வல்ழானைத் தேடிவந்த ஜாவேரிடம் அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்லும் இடம் ஆயரின் அந்தக் காலைப்பொழுதை நினைவூட்டுகிறது. ஆனால், இங்கே யூகோ உணர்ச்சிவசப்பட்டு, அந்தப் பொய் விண்ணுலகில் அவளுக்கு நன்மையாக எண்ணப்படட்டும் என்று தாமே இடையில் புகுந்து வேண்டுகிறார். இத்தகைய இடையீடுகள் நூல் முழுவதும் உள்ளன. மிரியலைப் பற்றிய பகுதியில் காட்டிய அடக்கத்தைப் பிற்பகுதிகளிலும் காட்டியிருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும். கடைசிப் பகுதியில் ழான் வல்ழான் தம்மைத்தாமே வருத்திக்கொள்வது துறவைத் தாண்டி ஒருவகைப் பிடிவாதமாகவே எனக்குப் படுகிறது. தாம் வளர்த்த மகள் கொசேத்தை விட்டு விலகி அவர் தனிமையில் வாடிச் சாவதால் எவருக்கு என்ன நன்மை? ஆயர் இவ்வாறு தம்மை வருத்திக்கொண்டவர் அல்லர். தோட்டத்தில் நான்கு பாத்தியுள் மூன்றைக் கீரை காய்கறிக்கு விட்டு, நான்காவதில் பூச்செடி வளர்த்து மகிழ்ந்தவர் அவர். அங்கும் கீரை போட்டால் உதவுமே என்று மக்லுவார் கேட்டபோது, அழகும் பயனுள்ளதுதான் என்று மறுத்துவிட்டவர்.

ஆயர் கொடுத்த வெள்ளியில் கரண்டிகளை ழான் வல்ழான் விற்றுவிட்டார். தண்டுகளை மட்டும் இறுதிவரை வைத்திருந்தார். அவர் உயிர் பிரியும்போது எரிந்தவை அவற்றில் ஏற்றிய மெழுகுவத்திகளே. இதைப் படத்தில் கண்டு கண்கலங்கியவர் பலர். அதைவிட என் மனத்தில் நிற்பது வேறொரு செய்தி. நகரத் தலைவராய் இருந்த காலத்தில், புகைபோக்கி துடைக்கப் பிழைப்புத் தேடி அவ்வூர் வழியே போகும் சவாய் நாட்டுச் சிறுவர்களை மதலேன் ஒவ்வொருவராக அழைத்துப் பெயர் கேட்பார்; கேட்டுக் காசு கொடுத்தனுப்புவார். இது சிறுவர்களுக்குள் பரவி, பலர் அவ்வழியே வரத் தொடங்கினர். சின்ன ழெர்வே மட்டும் வரவேயில்லை.